நீர் வார்த்த சவரியாயி அம்மையார்

சங்கமுந்தல் என்ற கடற்கரைச் சிற்றூரில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்டுப் பிழைத்தவர் சவரியாயி அம்மையார். பாளையக்காரர்கள் நாட்டை ஆண்ட காலம் அது. கடல் ஒதுக்கிப் போட்ட கிளிஞ்சல்களை விடியற்காலையில் கூடை கூடையாக அள்ளி வந்து, காளவாசல் என்னும் சூளையில் கரியும் பனைமட்டையுமாக அடுக்கிச் சுடுவார். வெந்த கிளிஞ்சலை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தால் அது சீறிப் பொங்கி மாவாக உதிரும். சுண்ணாம்பு தாளிப்பது என்று அதற்குப் பெயர். பெயர் என்னவோ சமையற்கட்டு வேலை போலத்தான் இருக்கிறது. அந்த ஆவியில் நின்றவர் கண்ணைக் கேட்டால் தெரியும். இருபது வயதைத் தொடுவதற்கு முன்பே தூள் படிந்து படிந்து அம்மையாரின் தலை வெள்ளை வெளேரென்று இருக்கும். "நம்மூரு இளங்கிழவி வாரா பாரு" என்று பெண்கள் சிரிப்பார்கள். அம்மையாரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுக் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டு போவார்.

தாய் தகப்பன் இல்லை. தகப்பனுடன் பிறந்த ஞானப்பூ அத்தைதான் துணை. ஊரில் பாதிப் பேர் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு வியாகுல மாதா பெயரால் மண்சுவரும் பனையோலைக் கூரையுமாக ஒரு கோயில் இருந்தது. அந்தக் கோயிலுக்கு ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது அம்மையாரின் திருப்பணி. ஒரு சூட்டில் கிடைத்த சுண்ணாம்பில் தூசு தும்பில்லாத முதல் கூடை கோயிலுக்கு, மிச்சம்தான் விலைக்கு. விற்று மீந்ததைச் சாமிக்குக் கொடுக்கும் சாமர்த்தியம் அவருக்குக் கடைசிவரை வரவேயில்லை. தாளித்த சுண்ணாம்பு ஆறுவதற்கு ஒரு செபமாலை சொல்லும் நேரம் பிடிக்கும். ஆகையால் அவர் நாள் முழுவதும் வேலை செய்தாரா, நாள் முழுவதும் செபம் செய்தாரா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அவருக்கு இன்னொரு பணியும் இருந்தது. வேதக் குருவான சுவாமியார் அந்த ஊருக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளை ஒட்டித்தான் வருவார். இடையில் ஒரு குழந்தை பிறந்து, ஞானஸ்நானம் பெறாமல் சாகக் கிடந்தால் என்ன செய்வது? ஊரில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் பேறுகால வீட்டுக்குள் போக முடியாது; அதற்காக ஊருக்கு ஒரு பெண்ணுக்கும் ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்கக் கற்றுக்கொடுத்து வைப்பார். தலையில் மூன்று முறை தண்ணீர் வார்த்து, அதற்குரிய வார்த்தைகளைப் பிசகாமல் சொல்ல வேண்டும். அதுவரை அதைச் செய்துவந்த மருத்துவச்சி இறந்துபோகவே, நாக்குப் பிறழாமல் செபம் சொல்லுகிறவர் என்று சவரியாயி அம்மையாரைச் சுவாமியார் தேர்ந்தெடுத்தார். சுவாமியார் கடலுக்கு அப்பால் பிறந்தவர். தமிழை ஏட்டில் கற்றவர்.

"மகளே, இதையும் நினைவில் வை. நீர் வார்த்தவள் அந்த ஆன்மாவுக்கு ஞானத்தாய் ஆகிறாள். பெற்ற தாய்க்கும் பிள்ளைக்கும் எப்படித் திருமணம் ஆகாதோ, அப்படியே ஞானத்தாய்க்கும் ஞானப்பிள்ளைக்கும் ஆகாது. இது திருச்சபையின் சட்டம்" என்றார்.

அம்மையாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் தண்ணி ஊத்தப் போறது பொறந்த பச்சைப் புள்ளைகளுக்கு, சாமி. அதுகளை நான் எங்கே போய்க் கட்டப்போறேன்?" என்றார். சுவாமியாரும் சிரித்தார். அந்த ஆண்டு வைசூரி வந்தது. அம்மையார் வீடு வீடாகப் போய்ச் சாகிற பிஞ்சுகளின் தலையை நனைத்து வழியனுப்பினார். "கல்யாணமாகாத புள்ளைக்காரி" என்று அதற்கும் ஒரு கேலி பிறந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இப்படி இருக்கையில் கரிசற்கோட்டைப் பாளையக்காரர் தம் அரண்மனையை இடித்துக் கட்டத் தொடங்கினார். சங்குபோல் பளபளக்கும் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான் வேண்டும். அதைப் பார்த்து வாங்கி வர அவருடைய தம்பி முத்துவிசயரை அனுப்பினார். ஊரார் அவரைச் சின்ன மகராசா என்பார்கள். குதிரையில் வந்து இறங்கியவர், வெந்த கிளிஞ்சல் எப்படித்தான் இருக்கும் என்று வியர்த்த கையாலேயே ஒரு பிடி அள்ளிவிட்டார்.

"போடுங்க கீழே!" என்று கத்தினார் சவரியாயி அம்மையார்.

கூட வந்த வேல்காரர்களுக்கு மூச்சு நின்றது. அரண்மனைப் பிள்ளையை ஏவிப் பேச யாருக்கு வாய் உண்டு? சின்னவர் கையை உதறினார். அதற்குள் உள்ளங்கை சிவந்து பொங்கிவிட்டது. அம்மையார் தேங்காய் எண்ணெய்ச் சிரட்டையை எட்ட நின்று வைத்துவிட்டு விலகிக்கொண்டார். எண்ணெய் தடவிக்கொண்டே சின்னவர் கேட்டார்:

"என்ன முணுமுணுக்குறே? என்னையத் திட்டுறியா?"

"இல்லை மகராசா, செபம் சொல்லுறேன். சுண்ணாம்பு ஆறுற வரைக்கும் சொல்லுறது."

"எனக்கும் சேத்துச் சொல்லு."

"இப்ப உங்களுக்குத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். கையைச் சுட்டுக்கிட்டீங்கல்ல?"

அவர் சிரித்தார். அரண்மனையில் அவருக்காக யாகம் செய்வார்கள், அபிஷேகம் செய்வார்கள், எல்லாம் பாளையத்துக்காக. சுட்ட கைக்காக யாரும் எதுவும் சொன்னதில்லை. மறுவாரம் சுண்ணாம்பு பார்க்க வந்தார். அதற்கு மறுவாரமும் வந்தார். அரண்மனைக்கு இவ்வளவு சுண்ணாம்பு எதற்கு என்று ஊர் கேட்டது. ஞானப்பூ அத்தை மட்டும் கேட்கவில்லை; அவருக்குத்தான் தெரியுமே.

அவர்கள் பேசியது என்னவோ கடவுளைப் பற்றித்தான். சின்னவர் ஏதாவது கேட்பார். அம்மையார், "எனக்கு அதெல்லாம் தெரியாது, உபதேசியாரைக் கேளுங்க" என்பார். அவரும் மெய்யாகவே ஞானதிக்கம் உபதேசியாரிடம் போய் உட்கார்ந்து கேட்டார். சிலுவையில் தொங்குகிற ஒருவரை ஏன் ஆண்டவர் என்கிறீர்கள் என்று தொடங்கியவர், சில மாதங்களில் அந்தச் சிலுவைக்கு முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பெண்ணுக்காக வேதத்தில் சேருகிறார் என்று சொன்னவர்கள் உண்டு. அவர் முகத்தை அப்போது பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாள் வெயிலில் வந்தவர் காளவாசல் பானையில் தாமே மொண்டு தண்ணீர் குடித்தார். பாளையக்காரர் வீட்டுப் பிள்ளை அந்தக் குடிசைத் தண்ணீரைத் தொட்டதைக் கண்ட வேல்காரன், அதைக் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

"குதிரை, வாள், கடுக்கன் எல்லாத்தையும் அங்கேயே விட்டுட்டு வந்துடுறேன், சவரியாயி. எனக்குத் துருத்தி ஊதக் கத்துக் குடுப்பியா?" என்று கேட்டார் சின்னவர்.

"கையில கொப்புளம் வரும், மகராசா."

"வந்தா எண்ணெய் வைக்கத்தான் நீ இருக்கியே."

சுண்ணாம்பு வெற்றிலையோடு சேர்ந்தால்தான் சிவக்கும் என்பார்கள். அன்று அந்தத் தூள் படிந்த முகம் வெற்றிலை இல்லாமலே சிவந்தது. அவர் சின்னவரை உயிருக்கு உயிராக நேசித்தார். அடியார் கதையில் இதைச் சொல்லலாமா என்று தயங்குகிறவர்கள் தயங்கட்டும். அந்த நேசத்தின் அளவு தெரியாவிட்டால் அவர் கொடுத்ததன் அளவும் தெரியாது.

விவரம் சுவாமியாருக்குப் போயிற்று. வருகிற பாஸ்குத் திருநாளில் முத்துவிசயருக்கு ஞானஸ்நானம், அதே நாளில் இருவருக்கும் திருமணம் என்று அவர் சொல்லி அனுப்பினார். பாஸ்குவுக்கு முந்திய தபசுகாலம் தொடங்கியபோது சின்னவர் சொன்ன சொல் தவறாமல், உடுத்த வேட்டியோடு கோட்டையை விட்டு நடந்தார். "பரங்கி வேதத்துக்குப் போய்க் காளவாசல்காரியக் கட்டுறவன் எனக்குத் தம்பி இல்லை" என்றார் பாளையக்காரர். தம்பி இல்லையென்று ஆனபிறகு என்ன தயக்கம்? உப்பளத்துப் பாதையில் வேல்காரர்கள் வழிமறித்தார்கள். விலாவில் வேல் பாய்ந்து கிடந்தவரை வலைக்காரர்கள் சிலர் கண்டு, பாயில் தூக்கிக்கொண்டு வந்து காளவாசல் குடிசையில் கிடத்திவிட்டு, பக்கத்து ஊர் வைத்தியரைத் தேடி ஓடினார்கள்.

அம்மையார் தம் முந்தானையைக் கிழித்துக் காயத்தில் அழுத்தினார். இரத்தம் நிற்கவில்லை. உச்சி வெயிலில் அந்த உடம்பு சில்லிட்டுக்கொண்டு வந்தது. அவர் அத்தையைப் பார்த்துக் கத்தினார்:

"ஓடுங்க அத்தை, உபதேசியாரைக் கூட்டிக்கிட்டு வாங்க. அவர் வந்து தண்ணி ஊத்தட்டும். நான் ஊத்தக் கூடாது. நான் ஊத்தக் கூடாது அத்தை!"

அத்தைக்குப் புரிந்தது. முழங்கால் வாதக்காரியான அவர் அந்தச் சுடுமணலில் எப்படித்தான் ஓடினாரோ, ஓடினார். உபதேசியார் வீடு ஊரின் அந்தக் கோடியில் இருந்தது.

குடிசையில் இருவர் மட்டும் இருந்தார்கள். சின்னவர் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார். அம்மையார் மொந்தையை வாயருகே கொண்டுபோனார். அவர் தலையை அசைத்து, விரலால் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். பிறகு அந்தக் கை விழுந்துவிட்டது.

அம்மையார் வாசலுக்கு ஓடிப் பார்த்தார். மணலில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து மூக்கில் கை வைத்துப் பார்த்தார். மூச்சு நூலாக ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி வாசலுக்குப் போனார். தூரத்தில் தெரிந்தது ஆளா, கானலா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் உபதேசியார் வந்துவிடுவார், இவர் பிழைத்தால் நமக்குக் கணவராவார். பொறுத்து, அதற்குள் மூச்சு நின்றுவிட்டால்? கேட்ட தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே அவரை வெறுந்தலையோடு அனுப்பியதாக ஆகும். சின்னவரின் தொண்டையில் ஒரு சத்தம் கேட்டது. வைசூரிக் காலத்தில் பல குழந்தைகளிடம் அவர் கேட்ட சத்தம்தான் அது.

அம்மையார் மொந்தையை எடுத்தார். "அடைக்கலம்" என்று பெயரிட்டார். பிதாவின் பெயராலும், சுதனின் பெயராலும், இஸ்பிரீத்து சாந்துவின் பெயராலும் மூன்று முறை வார்த்தார். நாக்குப் பிறழவில்லை. வார்த்து முடித்து, மொந்தையைக் கீழே வைத்துவிட்டு, வாயில் சேலையை அடைத்துக்கொண்டு அழுதார்.

அந்த நெற்றியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும்போதே உபதேசியார் மூச்சிரைக்க வந்து நுழைந்தார். பின்னால் வந்த அத்தை, நனைந்த தலையையும் காலி மொந்தையையும் பார்த்தார். "அடிப் பாவி மகளே, ஒரு உலை கொதிக்கிற நேரம் பொறுக்கலையேடி!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சின்னவர் பிழைத்துக்கொண்டார்.

பக்கத்து ஊர் வைத்தியர் கெட்டிக்காரர். பச்சிலை வைத்துக் கட்டினார், காய்ச்சல் விட்டது, வெள்ளைக் கஞ்சி இறங்கியது. குடிசைக்குக் கொண்டுவந்து கிடத்தியதற்குப் பிறகு நடந்த எதுவும் சின்னவருக்கு நினைவில்லை. கொஞ்சம் எழுந்து உட்கார முடிந்ததும், "பாஸ்குவுக்கு இன்னும் எத்தனை நாளு?" என்று கேட்கத் தொடங்கினார். துருத்தி ஊதிப் பழகுகிறேன் என்று சாம்பலை எல்லாம் தம் மேலேயே அடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கேட்கும்போதெல்லாம் அம்மையார் துருத்தியை வாங்கித் தாமே ஊதத் தொடங்குவார். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பார். நாளைக்குச் சொல்லலாம், இன்று ஒரு நாள் இவர் நம்முடையவராக இருக்கட்டும் என்று ஒவ்வொரு மாலையும் நினைப்பார். அடியார்தான், ஆனாலும் பெண் அல்லவா?

அத்தை கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "சொல்லாதே ஆத்தா. அந்தத் தலை நனைஞ்சது நமக்குத்தான் தெரியும். சாமியார் வந்து முறையா ஊத்தட்டும். அவரு ஊத்துனாருன்னா நீ யாரோ, அவரு யாரோ. கல்யாணம் பண்ணிக்கிட்டு நல்லா இருங்க."

உபதேசியார் நல்லவர், நெஞ்சு இளகியவர். அவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் வர்றப்ப தலை ஈரமாத்தான் இருந்துச்சு. வேர்வையோ தண்ணியோ, நான் என்னத்தக் கண்டேன்? நான் ஒண்ணும் பாக்கலை" என்றார்.

அம்மையார், "மேல இருக்கிறவர் பாத்தாரே, மாமா" என்று மட்டும் சொன்னார்.

பாஸ்குத் திருநாள் வந்தது. அம்மையார் வெள்ளையடித்த கோயில் வெயிலில் கண்ணைப் பறித்தது. அம்மையாருக்கென்று அத்தை செம்மஞ்சள் சேலை வாங்கி வைத்திருந்தார். தாலியும் மஞ்சள் கயிற்றில் கோத்துத் தட்டில் இருந்தது. அம்மையார் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்து பெண்கள் பக்கம் நின்றதைக் கண்டு, "மணப்பொண்ணு ஏன் இப்படி வந்திருக்கா?" என்று பேசிக்கொண்டார்கள். சுவாமியார் வாசலில் நின்று, சின்னவரிடம், "திருச்சபையிடம் நீர் கேட்பது என்ன?" என்று முறைப்படி கேட்டார்.

"ஞானஸ்நானம் கேக்குறேன், சாமி."

சுவாமியார் சிப்பியில் தண்ணீரை மொண்டார். கை உயர்ந்தது.

"ஊத்தாதீங்க சாமி!" என்ற குரல் வந்தது. பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சவரியாயி அம்மையார் முன்னால் வந்தார். "அது நனைஞ்ச தலை, சாமி. ரெண்டாந்தரம் நனைக்கக் கூடாது."

"யார் நீர் வார்த்தது?"

"நான்."

சுவாமியார் சிப்பியைத் தாழ்த்தினார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"மகளே, சட்டம் உனக்குத் தெரியுமே?"

"தெரியும் சாமி. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க."

"தெரிந்துமா வார்த்தாய்?"

"உசிரு போய்க்கிட்டிருந்துச்சு, சாமி. எனக்குப் புருசனா வேணுங்கிறதுக்காக அவரை வெறுந்தலையோட அனுப்பிவிட முடியுமா?"

சுவாமியார் சிப்பியில் இருந்த தண்ணீரைப் பாத்திரத்திலேயே திருப்பி ஊற்றினார். சின்னவர் திரும்பி அம்மையாரைப் பார்த்தார். முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உபதேசியார் அழுதுகொண்டே காதருகில் சொன்ன பிறகுதான் விளங்கியது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். வேல் பாய்ந்து கிடந்தபோதுகூட அவர் முகம் இப்படி இருக்கவில்லை என்று வலைக்காரர்கள் பின்னாளில் சொன்னார்கள்.

இந்தச் சட்டத்துக்கு விலக்குக் கொடுக்க ரோமாபுரியில் இருக்கும் பாப்பரசரால் முடியும் என்று சுவாமியார் சொன்னார். எழுதிக் கேட்கிறேன், கப்பல் போய்த் திரும்ப ஆண்டுகள் ஆகும், அதுவரை நீங்கள் தாயும் பிள்ளையுமாகவே இருக்க வேண்டும் என்றார். அதுவரை சின்னவர் அந்த ஊரில் இருக்கவும் முடியாது. பாளையக்காரரின் ஆட்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். வடக்கே ஆற்றங்கரை ஊர்களில் உபதேசியார் பணிக்கு ஆள் வேண்டும் என்று சுவாமியார் அவரைத் தம்முடன் அழைத்துப் போகத் தீர்மானித்தார்.

பயணம் புறப்படுகிற ஞானப்பிள்ளை, ஞானத்தாயிடம் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு போவது வேதக்காரர்கள் வழக்கம். ஊர் முழுவதும் கூடி நின்று பார்த்தது. சின்னவர் காளவாசலுக்கு முன்னால் வந்து நின்றார். சவரியாயி என்று கூப்பிடத்தான் வாய் திறந்தார். பிறகு முழங்காலில் விழுந்து,

"ஞானத்தாயே, ஆசீர்வாதம் தாங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லில் அம்மையாரின் வாழ்வு முடிந்து போயிற்று. ஊரார் ஏசியபோதெல்லாம் நோகாத மனம் அன்று நொந்தது. அவர் கையை நீட்டி, அந்த நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தார். விரலில் இருந்த வெள்ளைச் சுண்ணாம்பு நெற்றியில் ஒட்டிக்கொண்டது. சின்னவர் அதைத் துடைக்காமலே நடந்தார். பனங்காட்டைத் தாண்டி உருவம் மறையும்வரை அம்மையார் அழவில்லை. பிறகு குடிசைக்குள் போனவரை மூன்றாம் நாள்தான் அத்தையால் வெளியே கொண்டுவர முடிந்தது.

ரோமாபுரியிலிருந்து பதில் வரவில்லை. கப்பல் மூழ்கியதோ, கடுதாசி எங்கேனும் கிடந்து மக்கியதோ தெரியாது. சில ஆண்டுகளில் சுவாமியார் காய்ச்சலில் இறந்தார். பின்னால் வந்தவருக்கு இந்த விவரமே தெரியாது. அம்மையாரும் எடுத்துச் சொல்லவில்லை. அத்தையும் போய்ச் சேர்ந்தார். பஞ்சம் வந்து கட்டடம் கட்டுவார் இல்லாமல் போக, சுண்ணாம்பு விலை போகாமல் அம்மையார் கிழங்கு தோண்டித் தின்ற காலமும் உண்டு. அப்போதும் கோயில் வெள்ளை மங்கவில்லை. "மகராசாவைப் பெத்த மகராசி வாரா" என்று கிணற்றடியில் பெண்கள் குத்துவார்கள். "கொஞ்சம் பொறுத்திருந்தா இந்நேரம் மாலையும் கழுத்துமா இருந்திருப்பா, அவசரக் குடுக்கை" என்பார்கள். அது மட்டும் அவரைத் தைக்கும். ஏனென்றால் அந்தக் கேள்வி அவருக்குள்ளேயே இருந்தது. உண்மையில் பொறுத்திருக்கலாமோ? அந்தச் சத்தம் சாவின் சத்தம்தானா? ஒவ்வொரு நாளும் சுண்ணாம்பு ஆறும் நேரத்தில் செபமாலையோடு இதையும் ஆண்டவரிடம் கேட்டார். பதில் இல்லை. ஆனாலும் சாகிற குழந்தை என்று யார் வந்து கூப்பிட்டாலும், ஏசிய வீடா ஏசாத வீடா என்று பாராமல் மொந்தையோடு ஓடினார்.

தலை மெய்யாகவே வெளுத்த பிறகு ஒரு நாள், வடக்கேயிருந்து சிறு கூட்டமொன்று காளவாசலுக்கு வந்தது. ஆணும் பெண்ணுமாக, கால்களில் புழுதியோடு வந்தவர்கள் அம்மையாரைக் கண்டதும் மணலில் விழுந்து கும்பிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் செல்லாயி என்ற உழவர் வீட்டுப் பெண்.

"அடைக்கலம் உபதேசியாரோட ஞானத்தாய் நீங்கதானே ஆத்தா? எங்களையெல்லாம் அவருதான் வேதத்துல சேத்தாரு. அவருக்கு நீங்க தாயின்னா எங்களுக்கு நீங்க அப்பத்தா. பேதி வந்து ஊரே செத்தப்ப அவரு ஒருத்தரா நின்னு எல்லாரையும் தூக்கிப் பாத்தாரு. கடைசியில அவரையும் கொண்டுபோயிருச்சு. உங்களப் பாத்துச் சொல்லிட்டு வரணும்னு வந்தோம்."

அம்மையார் காளவாசல் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். சூடு தெரியவில்லை.

"கலியாணம் பண்ணிக்கிடலையா அவரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லை ஆத்தா. நாங்க எவ்வளவோ சொன்னோம். சிரிச்சுட்டுப் போயிருவாரு." செல்லாயி தயங்கினாள். "ஒண்ணு கேக்கணும். உசிரு போறப்ப ஒரு பேரையே சொல்லிக்கிட்டிருந்தாரு. சவரியாயி, சவரியாயின்னு. நாங்க அதுக்கு முன்ன அவரு வாயில அந்தப் பேரைக் கேட்டதே இல்லை. அது யாரு ஆத்தா? உங்களுக்குத் தெரியுமா?"

அம்மையார் குனிந்து, சீறிக்கொண்டிருந்த சுண்ணாம்பின் மேல் இன்னும் ஒரு கை தண்ணீர் தெளித்தார்.

"தெரியும் தாயி. அவரு கட்டிக்கிட இருந்த பொண்ணு" என்றார். "அவளும் அவரை மறக்கலை."

வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். அவர்கள் உண்டு, மர நிழலில் களைப்பாறினார்கள். அம்மையார் கோயிலுக்குப் போனார். பகல் வெளிச்சம் ஓலை இடுக்குகளில் விழுந்துகொண்டிருந்தது. சிலுவையில் பாடுபட்ட ஆண்டவரின் மரச்சுரூபத்துக்கு முன்னால் விழுந்து, வாழ்நாளெல்லாம் அடக்கியதையெல்லாம் கொட்டினார்.

"ஆண்டவரே, நான் யாருக்கும் தாயாகணும்னு கேக்கலையே. இத்தனை பேருக்கு அப்பத்தாளா ஆக்கியிருக்கீரு, சரி. ஒரே ஒரு நாள், ஒரு நாள் அவருக்குப் பொண்டாட்டியா இருந்து ஒரு வாய் சோறு போட்டிருப்பேனே! பிரிஞ்ச பொறவு என் பேரைக்கூட அவரு சாகையிலதான் சொன்னாரு. அதையும் நான் கேக்கலை. நான் அவசரப்பட்டேனா? அதையாச்சும் சொல்லும். நான் ஊத்துனது சரிதானா?"

"அம்மா" என்று ஒரு குரல் கேட்டது.

செல்லாயிதான் தேடி வந்துவிட்டாளோ என்று திரும்பிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

"அம்மா" என்றது குரல் மறுபடியும். சிலுவையிலிருந்து வந்தது அது. தாகமாய் இருக்கிற பிள்ளை தாயைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டது. எந்தச் சொல் அவருடைய வாழ்வைப் பறித்ததோ, அந்தச் சொல்லால் ஆண்டவர் அவரை அழைத்தார். தாம் அன்று நனைத்தது சின்னவருடைய நெற்றியை மட்டும் அல்ல, இவருடைய நெற்றியையும்தான் என்று அம்மையாருக்கு அப்போது விளங்கிற்று. கேட்ட கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை.

"என்னப்பா" என்று சொல்லிக்கொண்டு எழுந்து, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நடந்தார்.

வெகுநேரம் கழித்துத் தேடி வந்த செல்லாயி, சிலுவையடியைக் கட்டிக்கொண்டபடி அம்மையார் உயிர் நீத்திருப்பதைக் கண்டாள். அந்த முகத்தைப் பார்த்து அவளுக்கு அழத் தோன்றவில்லை. ஏசிய பெண்கள் எல்லாரும் வந்து நின்று ஏங்கி ஏங்கி அழுதார்கள். ஞானதிக்கம் உபதேசியாரின் மகன் செபம் சொல்ல, வடக்கேயிருந்து வந்தவர்கள் தூக்க, ஊரார் மண் தள்ளினார்கள்.

மாலை சூட வேண்டிய கையால் நீர் வார்த்து, தமக்கென்று ஒரு சொட்டும் வைத்துக்கொள்ளாத அந்தச் சவரியாயி அம்மையாரை நாமும் அம்மா என்று அழைத்து வணங்குவோம்.